சிறிய தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன்?

கேள்வி: இரண்டடித் தொட்டியில் நியான் டெட்ரா, மோலி, ஏஞ்சல் மூன்றையும் சேர்த்து வளர்க்கலாமா? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

வேண்டாம். 60 x 30 x 30 செ.மீ. தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினாலே 54 லிட்டர்தான் கொள்ளும். மணலும் கல்லும் இட்டபின் 45 லிட்டர் மிஞ்சினால் அதிகம். ஏஞ்சல் வளர்ந்ததும் நியானை இரையாகவே பார்க்கும். அதற்கு உயரமான தொட்டியும் தேவை. மோலிக்குத் தாது உப்புகள் மிகுந்த கடினநீர் வேண்டும். நியானுக்கோ மென்னீரும் 26 பாகைக்கு மேற்படாத வெப்பமும் உகந்தவை. பினாங்கில் வீட்டுத் தொட்டிநீர் பகலில் 28, 29 பாகையை எளிதில் தொட்டுவிடுவதால், நியான் நீண்டநாள் நலமாக இருப்பது அரிது.

என் தேர்வு நம் மலாய் தீபகற்பத்துச் சதுப்புநில ஓடைகளின் மீனான ஹார்லிகுயின் ராஸ்போரா. செம்பு நிற உடலின் பின்பாதியில் கறுப்பு முக்கோணம் ஒன்று ஆப்பு அடித்தாற்போல் இருக்கும். அகன்ற இலைச் செடி வைத்தால், பெண்மீன் வயிறு மேலாகப் புரண்டு இலையின் அடிப்பக்கத்தில் முட்டையை ஒட்டுவதைக்கூடப் பார்க்கலாம். எத்தனை முறை கண்டாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. எட்டு முதல் பத்து வரை விடுங்கள். அடித்தளத்திற்கு, மென்மணல் பரப்பி, பாம்புபோல் நெளியும் சிறு மீனான குஹ்லி லோச் ஐந்தாறு போதும். இரண்டும் ஒரே வகை நீரில் பிறந்தவை என்பதால், இந்தத் தொட்டியில் தண்ணீரோடு நீங்கள் போராட வேண்டியிராது.

கேள்வி: ஆண் சண்டை மீனோடு கப்பி விடலாமா? (ஜார்ஜ்டவுன் வாசகி)

கூடாது. நீண்ட வண்ண வாலைக் கண்டதும் சண்டை மீன் எதிரியென்று எண்ணித் தாக்கக்கூடும். அதைத் தனியே வளர்ப்பதே நல்லது.

கேள்வி: என் இரண்டடித் தொட்டியில் பாசியைத் தின்ன ஈக்கான் பண்டாராயா (உறிஞ்சுவாய் கொண்ட பிளெக்கோ மீன்) ஒன்று போதுமா? (பட்டர்வொர்த் வாசகர்)

கடையில் விரலளவில் இருப்பது 40 செ.மீ. வரை வளரும், உங்கள் தொட்டியின் அகலமோ 30 செ.மீ. அதன் கழிவே தொட்டியை மேலும் அழுக்காக்கும். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்து, வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றினாலே பாசி அடங்கும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். தயவுசெய்து ஆற்றில் விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இம்மீன் கிள்ளான் ஆற்றில் பெருகியிருப்பதற்கு, வளர்த்தவர்கள் கொண்டுபோய் விட்டதும் ஒரு காரணம்.

கேள்வி: மூன்று டைகர் பார்ப்கள் கௌராமியைக் கடிக்கின்றன. என்ன செய்யலாம்? (புக்கிட் மெர்தாஜாம் வாசகி)

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். கௌராமி தடவித் தடவி வழியறியும் நூல்போன்ற உணர்துடுப்புகள் ஒரு வாரத்தில் அரையங்குல நுனிகளாகக் குறைந்துபோயின. அது ஒரு மூலையில், வடிகட்டிக்குப் பின்னால் ஒதுங்கியே கிடந்தது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் டைகர் பார்ப்பின் சீண்டல் அக்கம்பக்கத்து மீன்கள்மேல் திரும்பும். எட்டுக்கு மேல் வளர்த்தால் பெரும்பாலும் தம்முள்ளேயே துரத்திக்கொள்ளும். ஆயினும் அதற்கு உங்கள் தொட்டி சிறியது, நீண்ட துடுப்புள்ள மீனை அருகில் வைப்பதும் சரியல்ல. கௌராமியை இன்றே பிரித்துவிடுங்கள். குளோரின் நீக்கிய சுத்தமான நீரில், அடிப்பகுதி சிதையாதிருந்தால், துடுப்பு மெல்ல மீண்டும் வளரும்.