ரெட் ஒயின்: தோலை எப்போது பிரிப்பது?

கேள்வி: நாசிக் பக்கம் ஓர் ஒயின் ஆலையில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். ஷிராஸ் திராட்சையை நசுக்கித் தொட்டியில் ஏற்றி ஐந்து நாள் ஆகிறது. சாறு நன்றாகக் கருஞ்சிவப்பாகிவிட்டது. இன்னும் ஏன் தோலோடு வைத்திருக்கிறார்கள்? இப்போதே பிழிந்தால் என்ன?

பதில்: பிழியலாம், ஒயினும் வரும். ஆனால் வாயில் நிற்காத ஒயினாக இருக்கும்.

ஷிராஸின் சதையில் நிறமே கிடையாது. தோலை நீக்கிப் பிழிந்தால் சாறு வெளிறித்தான் வரும். தோலில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் தண்ணீரிலேயே கரையும் என்பதால் முதல் சில நாட்களிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். துவர்ப்பைத் தரும் டானின் அப்படியல்ல. அதிலும் கொட்டையில் இருப்பது ஆல்கஹால் ஏற ஏறத்தான் வெளியே வரும். நிறமும் டானினோடு பிணைந்தால்தான் நாள்பட நிலைக்கும்.

அதற்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் விடலாம் என்றில்லை. ஒரு கொட்டையைக் கடித்துப் பாருங்கள். பழுப்பாக இருந்து மொறுமொறுவென்று உடைந்தால் பயமில்லை. பச்சையாக, நாக்கைச் சுருட்டும் கசப்போடு இருந்தால் சீக்கிரமே பிரித்துவிடுவது நல்லது.

அதுவரை உங்கள் வேலை மேலே மிதக்கும் தோல்தான். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும்போது கிளம்பும் கரியமில வாயு அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். காய விட்டால் வினிகர் பாக்டீரியா குடியேறிவிடும். அதனால்தான் நாளுக்கு இரண்டு மூன்று முறை அமுக்குகிறார்கள், அல்லது அடியிலிருந்து சாற்றை பம்ப் செய்து மேலே ஊற்றுகிறார்கள். வெப்பநிலை 25 முதல் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். 35-ஐத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்து, சர்க்கரை முழுதும் ஆல்கஹாலாக மாறாமல் பாதியில் நின்றுவிடும் ஆபத்து உண்டு. சூடு அதிகம் சேர்வது தோல் அடுக்கில். கீழே சாற்றில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள், குறிப்பாக மார்ச் வெயிலில் வரும் பழத்தில். இன்னொன்று: தொட்டிக்குள் தலையை நீட்டிப் பார்க்கவே கூடாது. கரியமில வாயு ஆளையே சாய்த்துவிடும்.

சரி, எப்போது பிழிவது? 24 பிரிக்ஸில் (அதாவது நூறு கிராம் சாற்றில் சுமார் 24 கிராம் சர்க்கரையோடு) வந்த பழம் என்றால் ஆல்கஹால் சுமார் 13–14 சதவீதம் வரும். சாற்றின் அடர்த்தியை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ஹைட்ரோமீட்டர் பூஜ்யத்தை நெருங்கியதும் தினமும் சுவைத்துப் பாருங்கள். துவர்ப்பு போதும் என்று நாக்கு சொல்லும் நாள்தான் பிழியும் நாள். பெரும்பாலும் அது ஏழு முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் வந்துவிடும்.

தானாக வடிவதை ஒரு தொட்டியிலும், அழுத்திப் பிழிவதை இன்னொன்றிலும் பிடியுங்கள். அழுத்தம் கூடக் கூட ருசி பாருங்கள்; கசப்பு தலைகாட்டியதும் நிறுத்திவிடுங்கள். இரண்டையும் கலப்பதா, எவ்வளவு கலப்பது என்பதை, புளிப்பான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.