நாகர்கோவிலில் இரண்டு நாள் – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

உங்கள் கட்டுரைகளைப் படித்துப் படித்து நாஞ்சில் நாட்டுக்கு ஒருமுறை வந்துவிட வேண்டும் என்று பல வருடமாக நினைப்பு. ஜனவரியில் நானும் அம்மாவும் வருகிறோம். வெள்ளி இரவு கோவை–நாகர்கோவில் ரயிலில் ஈரோட்டில் ஏறி, ஞாயிறு இரவு அதிலேயே திரும்ப வேண்டும். கன்னியாகுமரியில் அறை எடுத்து, சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, கண்ணாடிப் பாலம், வட்டக்கோட்டை, சுசீந்திரம், பத்மநாபபுரம், மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால், திற்பரப்பு, முடிந்தால் திருவனந்தபுரம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு வயது 68. மூட்டுவலி உண்டு, சைவம். இது நடக்குமா? எந்த வாரம் வரலாம்? எதை விடலாம்?

க., ஈரோடு

அன்புள்ள க.,

கார் வைத்துக்கொண்டால் நடக்கும். ஆனால் அந்த இரண்டு நாளில் பெரும்பகுதி அம்மா காருக்குள்தான் இருப்பார். மூட்டுவலிக்காரருக்கு நடப்பதைவிட மடக்கி உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனை. பட்டியலைப் பாதிக்கு மேல் வெட்டிவிடலாம்.

கன்னியாகுமரியில் அறை எடுக்காதீர்கள். நாகர்கோவிலில், வடசேரிக்கும் மீனாட்சிபுரத்துக்கும் நடுவில் எங்காவது தங்குங்கள். குமரிமுனை கிழக்கே 20 கிலோமீட்டர், பத்மநாபபுரம் அரண்மனை இருக்கும் தக்கலை மேற்கே 15. நாகர்கோவில் நடுவில் இருப்பதால் இரண்டு பக்கமும் அலைச்சல் குறைவு. அது வசதிக்காகச் சொல்வது. அதைவிட முக்கியமான காரணம், இந்த ஊரே பார்க்க வேண்டிய ஊர் என்பதுதான். முனைக்குப் போகிற பெரும்பாலானோர் இதை பஸ் மாறுகிற இடமாகவே தெரிந்துவைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் நிஜமான வருத்தம் உண்டு.

பொங்கல் கழிந்து வாருங்கள். மகரவிளக்கு முடியும்வரை சபரிமலைக்குப் போய்த் திரும்பும் பக்தர்களால் சுசீந்திரமும் குமரியும் நிரம்பியிருக்கும். அதற்குப் பிறகு கூட்டம் சட்டென்று வடியும். குடியரசு தினத்தை ஒட்டிய விடுமுறையை மட்டும் தவிருங்கள். ஜனவரிக் கடைசியில் மழை விட்டிருக்கும். வயலில் கும்பப்பூ நெல் கதிர் பிடித்து நிற்கும். தேரூர்க் குளத்தில் வலசைப் பறவைகளும் இருக்கும்.

சனிக்கிழமை காலை குளித்துச் சாப்பிட்டு, அரை நாளுக்கு மட்டும் ஒரு கார் எடுத்து பத்மநாபபுரம் போங்கள். திறக்கிற ஒன்பது மணிக்கே வாசலில் இருப்பது நல்லது. தக்கலைச் சாலையில் லாரிகள் அதிகம் என்பதால் கையில் ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திருவிதாங்கூரின் தலைநகரமாக இது இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அரண்மனை மட்டும் பழைய வீட்டுக்காரர் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. இன்றும் நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதி, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன்வர, திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போய்த் திரும்புகிறாள். மாநில எல்லையில் இரண்டு பக்கத்துக் காவல்துறையும் மரியாதை செய்யும். அரசு போன வழியில் தெய்வம் வருடாவருடம் போய்வருகிறது.

உள்ளே மரப்படிகள் செங்குத்தானவை, குறுகலானவை. அம்மாவை எல்லா மாடிக்கும் ஏற்ற வேண்டாம். பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தின் மரக்கூரைச் செதுக்கலை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ஊட்டுப்புரை என்கிற சாப்பாட்டுக்கூடம், அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம், நவராத்திரி மண்டபம், இவ்வளவு போதும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். கறுத்து மின்னும் அந்தத் தரை சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இட்டது என்பார்கள். காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. இடிந்த தேவாலயத்துக்குள் டச்சுப் படையில் வந்த டிலனாயின் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டு, பிறகு அதே அரசருக்குப் படைத்தலைவரானவர். அவருடன் பழகித்தான் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை கிறிஸ்தவரானார், தேவசகாயம் ஆனார். 1752ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே மாதம் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது கோட்டாறு சவேரியார் கோவிலில். நீங்கள் அன்று மாலை அங்கேதான் போகப்போகிறீர்கள். இந்த மூன்று இடத்தையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்வது அதனால்தான். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு அரண்மனை, ஒரு கல்லறை, ஒரு கோவில். சேர்த்துப் பார்த்தால் அரசனும் அந்நியப் படைவீரனும் உயிரைக் கொடுத்த ஒரு மனிதனும் பத்துப் பதினைந்து மைல் வட்டத்துக்குள் வாழ்ந்து முடிந்த கதை. தக்கலையில் பத்து நிமிடம் கிடைத்தால் பீர் முகம்மது அப்பா தர்காவிலும் நின்று வாருங்கள். தமிழில் பாடிய சூஃபி அவர். ஆண்டு விழாவில் அவர் பாடல்களை இரவு முழுக்கக் கூடி உட்கார்ந்து பாடுவார்கள்.

மத்தியானச் சாப்பாடு நாகர்கோவிலில். அம்மா சைவம் என்பதால் எனக்குச் சந்தோஷம், நாஞ்சில் நாட்டுச் சைவச் சமையல் அவ்வளவு நல்லது. சம்பா அரிசிச் சோறு இருக்கிறதா என்று கேளுங்கள். தீயல் இருந்தால் விடாதீர்கள். தேங்காயை நிறம் கறுக்கும்வரை நிதானமாக வறுத்து, மல்லியும் மிளகாயும் சேர்த்து வெண்ணெய்போல அரைத்து, புளியில் கொதிக்கவிட்ட குழம்பு. சின்ன உள்ளி போட்டது முதல் தரம். அவியலும் எரிசேரியும் துவரனும் உடன் வந்தால் வேறென்ன வேண்டும். சமையல் தேங்காயெண்ணெயில் இருக்கும், உங்கள் பக்கத்து நாக்குக்கு முதல் கவளம் புதிதாகத் தெரியலாம். மாலை டீக்கடையில் ரசவடை. நீங்கள் மீன் சாப்பிடுவீர்கள் என்றால் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தனியாக ஒரு வேளை.

வெயில் தாழ்ந்ததும் நாகராஜா கோவில். ஞாயிறு அங்கே கூட்டம், சனிக்கிழமையே போய்விடுங்கள். கருவறைக்கு ஓலைக்கூரை, பிரசாதம் ஈர மண். தூண்களில் பார்சுவநாதரையும் மகாவீரரையும் தேடிப் பாருங்கள். சமணப் பள்ளியாக இருந்த இடம், 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளும் அதைச் சொல்கின்றன. பாம்புப் படத்தின் கீழ் நிற்கிற தீர்த்தங்கரரும் நாகராஜாவும் இந்த ஊரில் எப்படி ஒருவருக்கொருவர் இடம் கொடுத்தார்கள் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அங்கிருந்து ஆட்டோவில் மணிமேடை வழியாக வாருங்கள், 1893ல் திறந்த மணிக்கூண்டு. பக்கத்தில் லண்டன் மிஷன்காரர் சார்ல்ஸ் மீட் 1819ல் தொடங்கிய ஹோம் சர்ச். பிறகு கோட்டாறு. சவேரியார் கோவிலைப் பார்த்துவிட்டுக் கடைத்தெருவில் கொஞ்சம் நடங்கள். மொத்த வியாபாரத் தெரு, மிளகும் புளியும் கருப்பட்டியும் மணக்கும். ‘என்ன மக்களே வேணும்?’ என்று வயதான கடைக்காரர் கேட்டால் உரிமையாகப் பதில் சொல்லுங்கள், இங்கே அது பிள்ளைகளைக் கூப்பிடுகிற முறை.

ஞாயிறு காலை சுசீந்திரம். ஏழு நிலைக் கோபுரம், குளம், இசைத்தூண்கள், அனுமன் எல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நீண்ட பிரகாரத்தில் அம்மா உட்கார நிறைய இடம் உண்டு, அவசரப்படுத்தாதீர்கள். அங்கிருந்து நேராகச் சாமித்தோப்பு போங்கள். உங்கள் பட்டியலில் இல்லாமல் நான் சேர்த்த இடங்களில் முக்கியமானது இதுதான், அய்யாவழி மக்களின் தலைமை வழிபாட்டிடம், பதி என்பார்கள். அந்த வழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் 1809ல் பிறந்து 1851ல் மறைந்தவர். பதிக்குள் சிலை கிடையாது, கண்ணாடியும் விளக்கும்தான். சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் சட்டை இல்லை, ஆனால் தலைப்பாகை கட்டித்தான் வணங்க வேண்டும். தலையில் துண்டு கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களிடம் தலைப்பாகை கட்டிவா என்று சொன்ன இடம். எல்லாச் சாதியும் ஒன்றாக நீர் எடுத்த முத்திரிக்கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிய 1859 வரை போராட வேண்டியிருந்த நாடு இது. சுசீந்திரம் கோவில் தெருவில் நடக்கவே 1926ல் சத்தியாகிரகம் நடந்தது. 1936 ஆலயப் பிரவேசத்துக்குப் பிறகுதான் இந்த மக்களுக்கு அந்தக் கோபுர வாசல் திறந்தது. இரண்டு கோவிலையும் ஒரே காலையில் பார்ப்பவர் குமரி மாவட்டத்தின் பாதி வரலாற்றைப் பார்த்துவிடுகிறார். ஞாயிறு உச்சி வேளையில் பதியில் நல்ல கூட்டம் இருக்கும், அதற்கு முன் போய்விடுங்கள்.

மூன்று மணி வாக்கில் கன்னியாகுமரி. படகு வரிசையில் அம்மாவை நிற்க வைக்க வேண்டாம். 133 அடி வள்ளுவரும் பாறையும் கரையிலிருந்தே நன்றாகத் தெரிவார்கள். கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில்தான் திறந்தது, அதில் நடக்கப் படகேறியே ஆகவேண்டும், இன்னொரு முறைக்கு இருக்கட்டும். குமரி அம்மன் கோவிலுக்குப் போங்கள். ஜனவரியில் சூரியன் கடலுக்குள்ளேயே இறங்கும், உதயத்துக்காக இருட்டில் எழுந்து ஓடாததற்கு அது ஈடாகும்.

மாத்தூரும் சிதறாலும் திற்பரப்பும் மேற்கே விளவங்கோடு பக்கம். சிதறால் பாறைமேல் சமணச் சிற்பங்கள் அருமையானவை, ஆனால் ஏற வேண்டும். நீங்கள் தனியாக வரும்போது அந்த மூன்றுக்கும் முழுசாக ஒரு நாள் வையுங்கள். திருவனந்தபுரத்தை இதில் சேர்க்கவே வேண்டாம்.

ஒரு விஷயம். ஏதாவது காரணத்தால் பயணம் ஞாயிறு–திங்கள் என்று மாறினால், அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை, ஞாயிறே போய்விடுங்கள். மதியம் ஒரு மணி நேரம் மூடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். ரயிலுக்கு முன் ஏத்தங்காய் சிப்ஸ் சூடாகப் போட்டுத் தரும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். மட்டிப்பழம் மறக்காதீர்கள், 2023ல் புவிசார் குறியீடு கிடைத்த பழம். கனிந்தது பையில் நசுங்கிவிடும், செங்காயாக ஒரு சீப்பு கேட்டு வாங்கினால் ஈரோடு போய் இரண்டு நாளில் பழுக்கும். அம்மாவுக்கு என் வணக்கம்.