பிரிட்டனில் வீடு வாங்குகிறவர்கள் "கஸம்ப் பண்ணிவிட்டார்கள்" என்று புலம்புகிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்? எங்கிருந்து வந்தது?

ஒரு விலைக்குச் சம்மதித்த வீட்டுக்காரர், காகித வேலை முடிவதற்குள் வேறொருவர் கூடுதலாகத் தருகிறார் என்று அவர் பக்கம் சாய்ந்துவிடுவதுதான் கஸம்ப். நம் ஊர் வழக்கில் சொன்னால், பேச்சு மாறுவது.

லண்டனில் முதல் வீடு தேடியபோது எங்களுக்கும் இது நடந்தது. விலை பேசியாகிவிட்டது, வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார், ஏஜென்ட் வாழ்த்துகூடச் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "அட்வான்ஸ் கொடுத்துட்டியா?" இங்கே இந்தக் கட்டத்தில் யாரும் அட்வான்ஸ் வாங்க மாட்டார்கள் என்றேன். "அப்புறம் அது எப்படிடா உன் வீடு ஆகும்?" என்றார். சரியான கேள்வி. வீட்டின் நிலையைச் சோதிக்கும் சர்வேயருக்குக் கட்டணம், பத்திர வேலை பார்க்கும் வக்கீலான சொலிசிட்டருக்குக் கட்டணம், நகராட்சிப் பதிவுகளைத் தேடிப் பார்க்க ஒரு கட்டணம் என்று எல்லாம் கட்டி முடித்த பிறகு ஏஜென்ட் கூப்பிட்டார். இன்னொருவர் அதிகம் தருகிறாராம், உங்களால் ஏற்ற முடியுமா என்றார். முடியவில்லை. கட்டிய பணம் போனது போனதுதான்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலம், வீடு விற்பனைக்கான ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டுச் சட்டம். கையெழுத்திட்ட பிரதிகளைப் பரிமாறிக்கொள்ளும் நாளை 'எக்ஸ்சேஞ்ச்' என்பார்கள். வழக்கமான பத்து சதவீத டெபாசிட் கைமாறுவதும் அப்போதுதான். அதுவரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. இடையில் புதிதாக ஒரு ஆஃபர், அதாவது இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று இன்னொருவரின் கேட்பு, வந்தால், வேண்டாம் என்று விற்பவர் முன்கூட்டியே சொல்லி வைக்காத வரை, அதை அவரிடம் தெரிவிப்பது ஏஜென்ட்டின் கடமையும்கூட. ஆக, சட்டப்படி இது மோசடியே இல்லை. ஆனால் இதற்கு வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அக்மார்க் மோசடிக்காரர்களின் பாஷை.

1928இல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழில் 'கஸூம்ஃப்' என்ற வடிவத்தில் இது அச்சேறியிருக்கிறது. அங்கே வீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை, ஏலத்தைப் பற்றித்தான். ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப ஏலம் விட்டு, ஒவ்வொரு முறை கேட்ட தொகையையும் கூட்டிக்கொண்டே போய், பணக்கார ஆசாமி ஒருவரைக் கறந்துவிடும் தந்திரம் அது.

அந்த நாளில் போலி ஏலம் என்பதே ஒரு தனித் தொழில். கூட்டம் சேர்க்க முதலில் ஏதோ ஒரு பொருளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். சிலருக்கு வாங்கிய காசையே திருப்பித் தருவார்கள். ஏலம் விடுகிற இந்த ஆள் ஏமாளி போலிருக்கிறது என்று வாங்குகிறவர் நினைக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். பிறகு, முன்பு வாங்கியவர்கள் மட்டும்தான் அடுத்த பொருளைக் கேட்கலாம் என்று அறிவிப்பார்கள். அதற்குள் ஆசை முற்றியிருக்கும், தலையில் மிளகாய் அரைப்பது சுலபம். 1961இல் வந்த போலி ஏலச் சட்டம் இதே உத்திகளை வரிசையாகச் சொல்லித் தடை செய்தது.

ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியிலிருந்து வந்த சொல் என்று பல இடங்களில் படிப்பீர்கள். இருக்கலாம். ஆனால் இன்ன சொல்லிலிருந்துதான் வந்தது என்று அகராதிகள் அடித்துச் சொல்வதில்லை. ஏமாற்று வேலை என்றாலே யூதர் தலையில் கட்டிவிடும் பழக்கம் அந்தக் காலத்து இங்கிலாந்தில் நிறைய இருந்ததால், அந்தக் கதையை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

சந்தைக்கடை வார்த்தை நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைக்குள் நுழைந்தது 1970களின் தொடக்கத்தில். கடன் தாராளமாகக் கிடைத்து வீட்டு விலை மாதத்துக்கு மாதம் எகிறியது. பேசிய விலை கையெழுத்தாவதற்குள் பழைய விலையாகிவிடும், விற்பவருக்கு மனம் மாறாமல் என்ன செய்யும்?

1980களின் கடைசியில் சந்தை திரும்பியதும் இதைத் தலைகீழாக்கி 'கஸண்டர்' என்று ஒன்று பிறந்தது. கடைசி நேரத்தில் வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்டு விற்பவரின் கழுத்தைப் பிடிப்பது. கட்டிலுக்கு 'அடியில் போகிற' (ஆங்கிலத்தில் 'கோஸ் அண்டர்') மூத்திரச் சட்டிக்கும் பேச்சுவழக்கில் அதே பெயர் உண்டு என்பதால் ஆங்கிலேயர்களுக்கு அதில் தனிக் குஷி.

ஸ்காட்லாந்தில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே ஆஃபரே சொலிசிட்டர் வழியாகத்தான் போகும், கடிதப் போக்குவரத்து முடிந்ததுமே இரு தரப்பும் கட்டுப்பட்டுவிடுவார்கள்.

இங்கிலாந்தில் வீடு பார்க்கிறீர்கள் என்றால், ஆஃபரை ஏற்றதும் விளம்பரத்தை எடுக்கச் சொல்லுங்கள். 'லாக்-அவுட்' ஒப்பந்தத்துக்கும் கேட்டுப் பாருங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாரிடமும் பேரம் பேச மாட்டேன் என்று விற்பவர் எழுதித் தருவது அது. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு கிராமத்து வீட்டுக்காக நடந்த வழக்கில், இரண்டு வார வாக்குறுதியை மீறி அதிக விலை தந்தவருக்கு விற்றது தவறு என்று 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதித் தர எல்லா வீட்டுக்காரர்களும் சம்மதிப்பார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.