மீன் தொட்டிக்கு எந்த சிலிக்கான் வாங்குவது?

கேள்வி: எங்கள் வீட்டு மீன் தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். வாங்கி எட்டு வருடம் ஆகிறது. இப்போது பின்பக்கக் கீழ் மூலையில் கசிகிறது. காலையில் பார்த்தால் ஸ்டாண்டு ஈரமாக இருக்கிறது. ஹார்டுவேர் கடைக்காரர் பாத்ரூம் சிலிக்கான் ஒன்றை எடுத்துக் காட்டி, "இதுதான் சார் நல்லது, பூஞ்சையே பிடிக்காது" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் எம்-சீல் போதும் என்கிறார். மீன் கடையிலோ, "புளிச்ச வாடை அடிக்கிற சிலிக்கான் எதுவானாலும் போடலாம்" என்கிறார்கள். தொட்டியில் கோல்டு ஃபிஷ்ஷும் மோலிகளும் இருக்கின்றன. யார் பேச்சைக் கேட்பது?

திருச்சி வாசகர் ஒருவர்

பதில்:

மூவரில் மீன் கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பலன் தராது. ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னது ஆபத்து. அவர் எந்தக் குணத்தைச் சிறப்பென்று சொன்னாரோ, அந்தக் குணம்தான் மீனுக்கு ஆகாதது.

சிலிக்கான் ரப்பரைப் பூஞ்சை தின்பதில்லை. ஆனால் குளியலறையில் சோப்பும் அழுக்கும் அதன்மேல் படிய, அந்தப் படிவில் பூஞ்சை கறுப்பாகப் பிடிக்கிறது. அதைத் தடுக்கவே பாத்ரூம், கிச்சன் வகைகளில் பூஞ்சைக்கொல்லி கலக்கிறார்கள். ஐசோதயசோலினோன் குடும்பத்து ரசாயனங்களும் சிங்க் பைரிதியோனும் இதற்குப் பயன்படுபவை. கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கப் பூசும் பெயிண்டிலும் இதே வகை மருந்துகள் சேர்கின்றன. நீரில் வாழும் உயிர்களை அண்டவிடாமல் செய்வதற்கென்றே பயன்படும் பொருளை மீன் தொட்டிக்குள் கொண்டுபோய்ப் பூசுவது எந்த விதத்திலும் நியாயமில்லை.

இந்த மருந்து ரப்பருக்குள்ளேயே அடங்கிக் கிடந்தால் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. சிறுகச் சிறுக வெளியே கசிந்து மேற்பரப்புக்கு வந்தால்தான் அது வேலை செய்யும். குளியலறையில் அப்படிக் கசிவது வடிகாலோடு போய்விடுகிறது. உங்கள் தொட்டியில் கிட்டத்தட்ட 120 லிட்டர் நீர் சுற்றிச் சுற்றி அங்கேயே இருக்கிறது. மீன்கள் இரவும் பகலும் அந்த நீரைத்தான் செவுள் வழியாக இழுக்கின்றன. ஃபில்டர் பஞ்சில் குடியிருந்து அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவும் அதே நீரை நம்பித்தான் இருக்கிறது. இறாலும் நத்தையும் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மீன் தாங்கும் அளவைக்கூட அவை பல சமயம் தாங்குவதில்லை.

"நான் பாத்ரூம் சிலிக்கான்தான் போட்டேன், மீன் நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்பவர்களையும் நீங்கள் சந்திப்பீர்கள். அவர்கள் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. எந்த மருந்து, எவ்வளவு கலந்திருக்கிறார்கள், தொட்டி எவ்வளவு பெரிது, நீரை எத்தனை நாளுக்கொரு முறை மாற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். ஆனால் எப்போதும் நீருக்குள் முழுகியிருக்கும் இணைப்பில் குளியலறைப் பூஞ்சைத் தொல்லையே கிடையாது. இல்லாத தொல்லைக்கு மருந்து போட்டு மீனைப் பணயம் வைப்பானேன்?

இனி அந்தப் புளிப்பு வாடை. சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத்தான் ரப்பராக இறுகுகிறது. இறுகும்போது ஒரு துணைப்பொருளை வெளிவிடும். வினிகர் வாடை அடித்தால் வெளியேறுவது அசிட்டிக் அமிலம். இந்த வகைக்கு அசிட்டாக்ஸி என்று பெயர். கண்ணாடியை இது உடும்புப் பிடியாகப் பிடிக்கும். அமிலம் முழுவதும் வெளியேறிய பின் மிஞ்சும் ரப்பர் நீரோடு எந்த வம்புக்கும் போகாது. கண்ணாடித் தொட்டிகளுக்கு உலகெங்கும் பெரும்பாலும் இந்த வகையைப் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான். ஆனால் வாடை நமக்குச் சொல்வது எப்படி இறுகுகிறது என்பதை மட்டுமே. உள்ளே பூஞ்சைக்கொல்லி இருக்கிறதா என்பதை அது சொல்லாது. பூஞ்சைக்கொல்லி கலந்த பாத்ரூம் வகைகளிலும் புளிப்பு வாடை அடிப்பவை உண்டு. மீன் கடைக்காரர் சொன்னதில் விட்டுப்போன பாதி இது.

ஆகவே மூக்கை மட்டும் நம்பாமல் டியூபைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆன்ட்டி ஃபங்கல், மில்டியூ ரெசிஸ்டன்ட், மோல்டு ரெசிஸ்டன்ட், சானிட்டரி, பயோசைட் ஆகிய சொற்களில் ஒன்று தென்பட்டாலும் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். "100 சதவீதம் சிலிக்கான்" என்ற வரி வேண்டும். அது இருந்தால் அக்ரிலிக் கலப்படம் இல்லை என்று பொருள். ஆனால் அந்த வரி பூஞ்சைக்கொல்லி இல்லை என்பதற்கு உத்தரவாதமாகாது. வெள்ளை நிற டியூப்கள் பெரும்பாலும் குளியலறையை நினைத்துச் செய்தவை. நிறமற்றதையோ கறுப்பையோ கேளுங்கள்.

அக்வேரியத்துக்கு ஏற்றது என்று உற்பத்தியாளரே அச்சிட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சௌடால் நிறுவனத்தின் சிலிரப் ஏக்யூ அப்படி மீன் தொட்டிக்கென்றே தயாராகும் வகை. மொமென்டிவ் நிறுவனத்தின் ஆர்.டி.வி. 108 தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கானது என்றாலும், தொட்டி கட்டுபவர்கள் நீண்ட காலமாகப் பயன்படுத்தி வருவது. இவை உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால், கடையில் இருக்கும் டியூபின் முழுப்பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் இணையதளத்தில் அதன் டேட்டா ஷீட்டை (தயாரிப்பு விவரத் தாளை) எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். அதில் "லிமிடேஷன்ஸ்" என்ற தலைப்பின் கீழ், மீன் தொட்டிக்கு ஆகாது என்றோ, தொடர்ந்து நீரில் மூழ்கியிருக்கும் இடத்துக்கு ஆகாது என்றோ போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். ஜெனரல் பர்ப்பஸ் வகைகள் பலவற்றில் இந்த எச்சரிக்கை இருக்கும். கடைக்காரர் என்ன சொன்னாலும், தயாரித்தவரே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 177.2600 விதிக்கு உட்பட்டது என்ற குறிப்பு இருந்தால் நல்ல அறிகுறி. அந்த விதி உணவைத் தொடும் ரப்பர் பொருட்களுக்கானது; மீனுக்காக எழுதியதல்ல. ஆனாலும் அனுமதித்த பொருட்களை மட்டும் கொண்டு செய்தது என்ற தெம்பு அதில் கிடைக்கும்.

அலுமினிய ஜன்னலுக்கும் மார்பிளுக்கும் போடும், புளிப்பு வாடை அடிக்காத நியூட்ரல் வகை சிலிக்கானை ஒரே வார்த்தையில் விஷம் என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் அவற்றில் பல, இறுகும்போது மீத்தைல் எத்தில் கீட்டாக்ஸைம் என்ற பொருளை வெளிவிடுகின்றன. அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் வைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்குள் வைத்துச் செய்யும் சின்ன வேலைக்கு இந்தத் தலைவலி எதற்கு? ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: சிமென்ட் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொன்ன அசிட்டாக்ஸி பொருந்தாது. அதன் அமிலம் சிமென்ட்டிலுள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து பிடிப்பைக் கெடுத்துவிடும்.

எம்-சீல் போன்ற எபாக்ஸி களிமம் இறுகினால் கல் மாதிரி ஆகிவிடும். நீர் நிரம்பும்போது கண்ணாடி மிக லேசாக வெளிப்பக்கம் வளையும்; கூடவே வளைந்துகொடுக்கும் ரப்பர்தான் அங்கே தாங்கும். அதிலும் வெளிப்பக்கமாகப் பூசினால், உள்ளிருந்து வரும் நீரே அதைத் தள்ளிப் பெயர்த்துவிடும். உங்கள் தொட்டி நிறைந்திருக்கும்போது முன்பக்கக் கண்ணாடியை நீர் தள்ளும் விசை சுமார் 90 கிலோ எடைக்குச் சமம். ஃபெவிகுவிக் போன்ற உடனடிப் பசைக்கும், பெயிண்ட் கடை அக்ரிலிக் சீலன்ட்டுக்கும் இங்கே இடமில்லை.

டியூபைக் கையில் வாங்கியதும் காலாவதித் தேதியைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில், தகரக் கூரைக் கடையில் மாதக்கணக்கில் கிடந்த சிலிக்கான் தேதிக்கு முன்பே கெட்டிருக்கவும் கூடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய கண்ணாடித் துண்டைச் சுத்தமாகத் துடைத்து, அதில் விரல் நீளத்துக்குப் பிழிந்து ஒரு நாள் விடுங்கள். மறுநாள் மேலே பிசுபிசுப்பு இல்லாமல் ரப்பராகியிருக்க வேண்டும். பிளேடால் அறுத்தால்தான் வர வேண்டும். நகத்தால் சுரண்டும்போதே உரிந்து வந்தால் அந்த டியூப் வேண்டாம். உங்கள் அளவுத் தொட்டியின் உள்மூலைகளை எல்லாம் கூட்டினால் சுமார் 4.2 மீட்டர் வரும். 8 மில்லிமீட்டர் அளவில் பூசினாலும் 150 மில்லிக்குள் முடிந்துவிடும். 280 அல்லது 300 மில்லி கார்ட்ரிட்ஜ் ஒன்றே தாராளம்.

சிலிக்கான் சரியாக அமைந்தும் தொட்டி மறுபடி கசிவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: பழையதன் மேலேயே புதியதைப் பூசிவிடுவது. இறுகிய பழைய சிலிக்கானின் மேல் புது சிலிக்கான் நம்பும்படியாக ஒட்டாது. கசியும் மூலையில் மட்டும் ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தால், பழையதும் புதியதும் சந்திக்கும் இடத்தில் நீர் மீண்டும் வழி கண்டுபிடிக்கும். உள்மூலைகள் அத்தனையிலும் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரே மூச்சில் புதிதாகப் பூச வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். தொட்டியில் சிலிக்கான் இரண்டு இடங்களில் இருக்கிறது. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருப்பதுதான் தொட்டியைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. உள்மூலையில் வளைவாக ஓடுவது அதற்குக் காவல். டார்ச் அடித்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நடு இணைப்பு சீராக இருந்து, உள்வளைவு மட்டும் உரிந்திருந்தால் நீங்களே செய்யலாம். நடு இணைப்பிலேயே வெண்மையாகப் பிரிந்த பட்டையோ, ஓரம் வரை நீளும் குமிழிகளோ தெரிந்தால் மேல்பூச்சு உதவாது. தொட்டியைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். அதைத் தொட்டி கட்டுபவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. அடிக்கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா, ஸ்டாண்டு மட்டமாக நிற்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்த ஸ்டாண்டு புது சிலிக்கானையும் சில மாதத்தில் பிரித்துவிடும்.

மீன்களை சோப்பு படாத பெரிய பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றி, பழைய ஃபில்டரை அதிலேயே ஓடவிடுங்கள். பத்து நாளாவது அங்கே இருக்க வேண்டி வரும். தொட்டியைக் காயவைத்து, புது பிளேடால் உள்வளைவை மட்டும் சீவி எடுங்கள். பிளேடு நடு இணைப்புக்குள் இறங்கிவிடக் கூடாது. பிறகு விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது சிலிக்கான் மிச்சம் தட்டுப்பட்டால் மறுபடி சீவுங்கள். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலோ கலப்பில்லாத அசிட்டோனிலோ துணியை நனைத்துத் துடையுங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும், சானிட்டைசரில் கிளிசரின் இருக்கும், நெயில் பாலிஷ் ரிமூவரிலும் எண்ணெய் சேர்ப்பதுண்டு. அந்தப் படலம் கண்ணாடியில் நின்றால் பிடிப்பு போய்விடும்.

மூலைக்கு இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் நிற்காமல் பிழிந்துகொண்டே போங்கள். கோடை வெப்பத்தில் ஐந்தாறு நிமிடத்திலேயே மேலே தோல் கட்டத் தொடங்கலாம். அதனால் ஒரு பக்கத்தை முடித்ததும் கையுறை போட்ட விரலால் ஒரே இழுப்பில் வழித்து, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள். வழிப்பதற்கு சோப்புத் தண்ணீர் தொட வேண்டாம். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், அமில வாடை கண்ணைக் கரிக்கும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சிலிக்கான் மேலிருந்து உள்நோக்கி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வீதம்தான் இறுகும். காற்றில் ஈரம் குறைந்தால் இன்னும் தாமதமாகும், ஆகவே ஏ.சி. அறையில் வைக்காதீர்கள். தொட்டுப் பார்த்து காய்ந்துவிட்டது என்று மறுநாளே நீர் ஊற்றுபவர்கள் அதிகம். முழுதாக ஒரு வாரம் பொறுங்கள். பிறகும் தொட்டிக்குள் தலையை நீட்டி முகர்ந்தால் வினிகர் வாடை துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள்.

அதன் பிறகு தொட்டியை வராந்தாவிலோ மாடியிலோ மட்டமான இடத்தில் தெர்மாகோல் ஷீட்டின் மேல் வைத்து, சுற்றிலும் செய்தித்தாள் விரித்து, முதலில் கால்வாசி நிரப்புங்கள். சில மணி நேரம் கழித்துப் பாதி, பிறகு முழுசாக. இரண்டு நாள் அப்படியே நிற்கட்டும். தாளில் ஈரத்தடம் இல்லையென்றால் அந்த நீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு முறை கழுவிப் புது நீர் பிடியுங்கள். மாநகராட்சிக் குடிநீர் என்றால் ஆன்ட்டி குளோரின் சேர்த்து, பழைய ஃபில்டரையே மாட்டுங்கள். முதலில் ஒன்றிரண்டு மோலிகளை மட்டும் விட்டு ஒரு நாள் பாருங்கள். மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திணறினாலோ, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கினாலோ உடனே டப்புக்குத் திருப்பிவிட்டு, தொட்டி நீர் முழுவதையும் மாற்றுங்கள். வழக்கம்போல மேய்ந்தால் கோல்டு ஃபிஷ்களையும் விடலாம்.