பக்கவாதத்துக்குப் பின் வரும் மறதி: நான்காம் நாள் பரிசோதனையை நம்பலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் சில கேள்விகள் கேட்டு, 30-க்கு 14 மதிப்பெண் போட்டு, டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று சொன்னார்கள். இப்போது நடக்கிறார், பேசுகிறார். ஆனால் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுக்கிறார். கணக்குப் போடும்போது பாதியில் நின்றுவிடுகிறார். கடையை அண்ணன் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அந்த 14-ஐ நம்பலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்த எண்ணை வைத்து உங்கள் அப்பாவைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். பக்கவாதம் வந்த முதல் சில நாட்களில் மூளையில் வீக்கம் இருக்கும், தூக்கம் கெட்டிருக்கும், சிறுநீர்த் தொற்றோ, இரத்தத்தில் சோடியம் குறைவதோ சேர்ந்துகொண்டால் நல்ல நினைவாற்றல் உள்ளவரும் தேதி, கிழமை தெரியாமல் குழம்புவார். அது தற்காலிகக் குழப்பம், டிமென்ஷியா அன்று. பக்கவாதத்தால் வந்த டிமென்ஷியா என்று உறுதியாகச் சொல்வதற்கு முன், உடல் தேறியபின், பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி பரிசோதித்துப் பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அந்தக் காலம் இப்போதுதான் வந்திருக்கிறது.

அதற்காக, நீங்கள் கடையில் கண்டதை வயதின் மறதி என்று தள்ளிவிடவும் கூடாது. பக்கவாதத்துக்குப் பின் வரும் அறிவாற்றல் குறைவில் பல நேரம் முதலில் அடிபடுவது ஞாபகம் அன்று. யோசனையின் வேகமும், ஒரு வேலையை வரிசையாகச் செய்து முடிக்கும் திறனுமே. பாதிக் கணக்கில் அவர் நிற்பது இந்த வகையாக இருக்கலாம். ஒரு பொருளின் விலை நினைவு வராமல் நின்றால், விலையைச் சொல்லிவிடாமல் ஒரு சிறு குறிப்பு மட்டும் கொடுத்து, அவரே அதைச் சொல்லிவிடுகிறாரா என்று கவனித்துப் பாருங்கள். அப்படிச் சொன்னால் ஞாபகம் உள்ளே இருக்கிறது, எடுப்பதில்தான் தடை என்று கொள்ளலாம். மருத்துவருக்கு இது மிகவும் பயன்படும் தகவல்.

30 மதிப்பெண் சோதனைகளில் பரவலாக உள்ளவை இரண்டு. 1975-இல் வந்த எம்எம்எஸ்இ, யோசனையின் வேகத்தையும் திட்டமிடுவதையும் அதிகம் சோதிப்பதில்லை. 2005-இல் வந்த மோக்கா, கடிகாரம் வரையச் சொல்லியும், ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்கச் சொல்லியும் அவற்றைத் தொடுகிறது. அதனால் பக்கவாதத்துக்குப் பின் அதுவே பெரும்பாலும் ஏற்றது. அதில் 26-ஓ அதற்கு மேலோ எடுத்தால் இயல்பு என்பார்கள். ஆனால் அந்த அளவுகோல் நிறையப் படித்தவர்களை வைத்து உருவானது. பன்னிரண்டு ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டுவது வழக்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கு அந்த ஒன்று போதவே போதாது.

மேலப்பாளையத்தில் ஆயுள் முழுவதும் பீடி சுற்றிய ஒரு அம்மாளை நான் சோதித்தபோது, பென்சிலைக் கையில் வாங்கவே அவர் தயங்கினார். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதும் வரவில்லை. ஆயிரம் பீடிக்கு இத்தனை என்றால் இத்தனை கட்டுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டதும், விரலால் மடியில் தட்டிக்கொண்டே சரியாகச் சொல்லிவிட்டார். படிப்பு குறைந்தவரின் குறைந்த மதிப்பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விரல்தான் எனக்கு நினைவு வரும். உங்கள் அப்பாவை அரிசி, பருப்பு விலையில் சோதிப்பதும் அப்படியே.

இன்னொன்று: வலப்பக்கம் விழுந்தால் பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டிருக்கும்; சொல் வராமல் தடுமாறுபவரை மறதிக்காரர் என்று எண்ணிவிடுவதுண்டு. எழுதும் கையே தளர்ந்திருந்தால் படம் வரையும் கேள்விகளில் மதிப்பெண் குறைவதும் அறிவின் குறையாகாது. மன அழுத்தம் பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது. அதுவும் மறதியைப் போலவே தோன்றும், ஆனால் மருந்தால் தேறும். ஆகவே அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாரா, தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரைப் பரிசோதனைகளும், அவர் சாப்பிடும் தூக்க மாத்திரை போன்றவற்றை மறுபடி பார்ப்பதும் அவசியம்.

டிமென்ஷியா என்ற சொல்லுக்கு உரிய அளவுகோல் அன்றாட வாழ்வு. பிறர் துணையின்றி முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றால்தான் அந்தப் பெயர். அதுவும் கை கால் தளர்ச்சியால் அன்றி, அறிவின் குறையால். அதனால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: மாத்திரையைத் தானாகச் சாப்பிட்டாரா, கடையிலிருந்து வழி தவறாமல் வந்தாரா, எந்தக் கணக்கில் எவ்வளவு தப்பினார். பக்கவாதத்துக்கு முன்பே இவற்றில் ஏதாவது இருந்ததா என்பதையும் எழுதுங்கள்.

கடையை மாற்றும் பேச்சை இந்தப் பரிசோதனை முடியும்வரை நிறுத்திவையுங்கள். கல்லாவில் யாராவது கூட இருக்கட்டும். அவரை எழுப்பி வீட்டில் உட்கார வைக்க வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரையும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் ஒரு நாளும் விடக் கூடாது. இன்னொரு பக்கவாதம் வந்தால் அறிவு ஒரு படி கீழே இறங்கும். இடையில் ஒரே நாளில் திடீரென்று குழப்பம் வந்தாலோ பேச்சு மாறினாலோ, அதை மறதி முற்றுவதாக எண்ணிக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. போகும்போது பழைய ஸ்கேன் படங்கள், மாத்திரை அட்டைகள், அந்த நோட்டு, அவருடைய மூக்குக்கண்ணாடி நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். முந்தின இரவு அவர் நன்றாகத் தூங்கியிருக்கட்டும். கேள்வி கேட்கும்போது அருகில் இருக்கலாம். பதிலை மட்டும் அவர் சொல்லட்டும்.