ரூமோடு ரேட் பேசாதீர்கள்

கேள்வி: மாமனார் காலத்து அறையைக் காலி செய்கிறோம். இரண்டு தேக்குப் பெட்டகம், கட்டில், எழுதுமேசை, நிலைக்கண்ணாடி. காரைக்குடி வியாபாரி மொத்தமாக 40,000 தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? (பள்ளத்தூர் வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள் ஆச்சி. இந்த 'மொத்தமாக' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருகிறவர் கட்டிலைத்தான் தட்டித் தட்டிப் பார்ப்பார், "இதெல்லாம் இப்ப யாரு வாங்குறா" என்று உச்சுக்கொட்டுவார். கண் மட்டும் கண்ணாடியில் இருக்கும். ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி விலை எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்க வந்தவர்போல நாலு கடை ஏறி, இதே மாதிரிப் பெட்டகம் என்ன விலை என்று கேளுங்கள். அந்த விலை உங்களுக்குக் கிடைக்காது. தச்சர் கூலி, பாலிஷ், விற்கும்வரை இடவாடகை எல்லாம் வியாபாரிக்கு உண்டு. ஆனால் பாதிகூடத் தராதவரிடம் நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

விற்குமுன் பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பழைய மெருகுக்குத்தான் காசு. இழுப்பறைகளை முழுதாக உருவி வெளியே வைத்துப் பாருங்கள். பழைய பெட்டகங்கள் சிலவற்றில் பின்னால் கள்ள அறை இருக்கும். பத்திரமோ நகைச்சீட்டோ கிடந்தால் வண்டி ஏறிய பிறகு திரும்பாது. முழுப்பணமும் கைக்கு வராமல் ஒரு சாமானும் வாசல்படி தாண்டக்கூடாது. அட்வான்ஸைக் கொடுத்து நல்லதை மட்டும் ஏற்றிக்கொண்டு, மீதியை 'அப்புறம்' எடுப்பதாகச் சொல்லிப் போனவர்கள் உண்டு.

கேள்வி: ஊர் வீடு ஆறு பங்காளிகளுக்குப் பொது. யாரும் வருவதில்லை. நான் ஊஞ்சலை விற்றால் என்ன? (கானாடுகாத்தான்)

பதில்: ஆறில் ஒரு பங்கு ஊஞ்சலை அறுத்து விற்க முடிந்தால் விற்றுக்கொள்ளுங்கள். முழுசாக விற்பதென்றால் ஐந்து பேரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். வாட்ஸப்பில் கட்டைவிரல் போட்டால் போதாது.

கேள்வி: சாப்பாட்டு மேசையை 9,000 ரூபாய்க்கு ஆன்லைனில் போட்டேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர், பணம் வர ஒரு கியூஆரை ஸ்கேன் செய்யச் சொன்னார். இரண்டு தடவை 9,000 போய்விட்டது. வீட்டில் திட்டு. (காரைக்குடி)

பதில்: திட்டுகிறவர்களிடம் இதைக் காட்டுங்கள்: தப்பு உங்கள்மேல் இல்லை, இதையே பிழைப்பாகச் செய்கிறவன்மேல். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கியிலும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. இனி ஒன்று: பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். மேசையை நேரில் பார்க்காமலே விலை பேசாமல் சம்மதிக்கிறவர் மேசைக்காக வரவில்லை.

கேள்வி: 'நூற்றிருபது வருஷப் பர்மா தேக்கு' என்று 28,000 கொடுத்து நாற்காலி வாங்கினேன். மூன்று வாரத்தில் ஓரம் உரிந்து உள்ளே பிளைவுட் தெரிகிறது. பில் வாங்கவில்லை. (தேவகோட்டை)

பதில்: 28,000 கொடுக்கிறவர் ஒரு துண்டுச்சீட்டு கேட்கக் கூடாதா? கவிழ்த்துப் பார்த்தீர்களா? அடியில் எல்லாமே தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்டார் ஸ்குருவாக இருந்தால் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். அது புழக்கத்துக்கு வந்ததே 1930-களில்தான். மேல்பக்க ரேகை பக்கவாட்டிலும் தொடர்கிறதா என்று பார்ப்பதும் ஒரு நிமிட வேலை. (என் வீட்டு ஈஸிசேரும் இப்படி வந்ததுதான். அதில் இப்போது துணி காய்கிறது.)

ஆனால் பொய் சொல்லி விற்றது கடைக்காரர், அவரை விடாதீர்கள். பணம் அனுப்பிய பதிவு, அவர் அனுப்பிய மெசேஜ், உரிந்த ஓரத்தின் படம் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷ அவகாசம் உண்டு.

கேள்வி: ஐந்து வருஷப் பார்ட்டிகிள் போர்டு அலமாரி, அடியில் தண்ணீர் பட்டு உப்பியிருக்கிறது. என்ன விலை கேட்கலாம்? (புதுவயல்)

பதில்: தூக்கிக்கொண்டு போகிறவருக்கு டீ வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் தாத்தா காலத்து, செதுக்கு வேலை செய்த கட்டிலைச் சிங்கப்பூரில் உள்ள அத்தான் கேட்கிறார். கப்பலில் அனுப்பலாமா? (கோட்டையூர்)

பதில்: நூறு வருஷம் தாண்டிய கலைவேலைப்பாடுள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டம் விடாது. அந்த வகையில் சேராது என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்காமல் கப்பல் ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கிடைக்காவிட்டால், அத்தானை லீவுக்கு வந்து அதில் படுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.