பக்தியா, பகட்டா?

கேள்வி: இடைக்கால இங்கிலாந்தில் கம்பளி வணிகர்கள் தேவாலயங்களுக்குப் பணத்தைக் கொட்டினார்களே, அது பக்தியா, ஊர் மெச்சவா?

பதில்: சஃபோக்கில் உள்ள லாங் மெல்ஃபோர்டு தேவாலயத்தின் வெளிச்சுவரை அண்ணாந்து பாருங்கள். மேல்வரிசை ஜன்னல்களுக்கு மேலே, கல்லும் சிக்கிமுக்கிக் கல்லும் சேர்த்துப் பதித்த எழுத்துகள் ஓடுகின்றன. 'ரோஜர் மோரியல், அவர் மனைவியர் மார்கரெட், கேத்தரின் ஆகியோரின் ஆன்மாக்களுக்காக ஜெபியுங்கள். அவர் சொத்திலிருந்து இந்த ஆறு வளைவுகளும் 1481இல் புதுப்பிக்கப்பட்டன' என்கிறது ஒரு வரி. இறந்தவர்கள் பாவத்துக்கான தண்டனையை அனுபவித்துத் தூய்மையடையும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஆன்மா படும் வேதனையை உயிரோடிருப்பவர்களின் ஜெபம் குறைக்கும் என்று உறுதியாக நம்பிய காலம் அது. பெயர் தெரியாமல் யாருக்காக ஜெபிப்பது? வெறும் விளம்பரம் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.

பணம் எங்கே போனது என்பதற்கும் காரணம் உண்டு. பீடம் இருக்கும் பகுதியைப் பராமரிப்பது பங்கின், அதாவது அந்தத் தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின், வருமானத்தைப் பெறுபவரின் கடமையாக இருந்தது. மக்கள் நிற்கும் நடுக்கூடம் ஊராரின் பொறுப்பு. அதனால்தான் பல ஊர்களில் நடுக்கூடம் மாளிகைபோல் நிற்க, பீடப்பகுதி சிறுத்துத் தெரிகிறது. நார்த்லீச் ஊரின் ஜான் ஃபோர்ட்டி 1458இல் இறந்தபோது 300 பவுண்டு விட்டுச் சென்றது அங்கேயும் நடுக்கூடத்தை முடிக்கத்தான். அவர் கல்லறையின் பித்தளைத் தகட்டில் ஒரு கால் ஆட்டின் மேல், மறு கால் கம்பளி மூட்டையின் மேல். செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் ஒளிக்கவில்லை.

கட்டடம் ஒருமுறைச் செலவு. தனக்காக நாள்தோறும் திருப்பலி, அதாவது பூசை, நடக்க வேண்டும் என்றால் ஒரு குருவுக்கு ஆண்டாண்டுக்கும் சம்பளம் வேண்டும். அதற்கு நிலம் எழுதிவைக்க வேண்டும். திருச்சபைக்குச் சாவு இல்லை, வாரிசும் இல்லை. அதன் கைக்குப் போன நிலத்திலிருந்து அதற்கு மேலுரிமை கொண்ட பிரபுவுக்கு வாரிசுக் கட்டணமோ, வயது வராத வாரிசின் பாதுகாவலராக இருக்கும் உரிமையோ வராது. ஆகவே 1279 சட்டத்துக்குப் பின் மன்னரின் உரிமம் இல்லாமல் திருச்சபைக்கு நிலம் கொடுக்க முடியாமல் போனது. முதலில் அந்தக் கொடையால் யாருக்கு நஷ்டம் என்று விசாரணை, பிறகு கட்டணம், பிறகுதான் உரிமம். இத்தனையும் முடிந்து, நிலக் குத்தகை சரிந்தால் போதும், சம்பளம் போதாமல் குரு வேறு இடம் தேடிப் போவார், திருப்பலி நின்றுவிடும். உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள் இழுத்தடித்து வேலை கிடப்பில் போனதும் உண்டு. மோரியலுக்கு அந்தக் கதி வரவில்லை. வேலையைச் செய்துமுடித்தவர்களில் முதல் பெயராக அந்தக் கல்வெட்டில் நிற்பவர் அவர் மனைவி கேத்தரின்தான்.

இப்படித் திருப்பலிக்காக ஏற்படுத்தி, தப்பிப் பிழைத்த அறக்கட்டளைகளையும் ஆறாம் எட்வர்ட் காலத்து 1547 சட்டம் மொத்தமாக அரசுக்கு எடுத்துக்கொண்டது. 'என்றென்றும்' என்று எழுதிவைத்த நிலங்கள் கை மாறி விற்பனைக்குப் போயின.

பகட்டே இல்லையா என்றால், உண்டு. லாவன்ஹாமில் 1523இல் இறந்த துணி வணிகர் தாமஸ் ஸ்பிரிங் கோபுரத்துக்கு 200 பவுண்டு எழுதிவைத்தார். அதன் உச்சியில் குடும்பச் சின்னம் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோபுரத்தைக் காட்டி நீங்கள் கேட்டால், ஊர் மெச்சவும்தான் என்று ஒப்புக்கொள்வேன்.